சிறுநீரகத்துக்குள் ஒரு மதகு: உடம்பு தண்ணீரை மிச்சம் பிடிக்கும் விதம்

தமிழ்நாட்டில் தைப்பூசம் பனிக்காலத்தில் வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்களுக்கு அது நடுக்கோடை. கடல் ஈரமும் வெயிலும் சேர்ந்து, காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கிளேர்வுட் கோயிலில் காவடி எடுத்த என் சின்னம்மா மகன், அன்று விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காவடியை இறக்கி வைத்து, பூசை முடிந்து, ஒரு சொம்பு தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தயங்கித் தயங்கி, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டான்: “அண்ணா, காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் ஒண்ணுக்குப் போனேன். அதுவும் கொஞ்சம்தான். மஞ்சளைக் கரைச்ச மாதிரி இருந்தது. கிட்னிக்கு ஏதாவது ஆகியிருக்குமா?”

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். “ஒன்றும் ஆகவில்லை தம்பி, அது இன்றைக்கு முழுக்க உனக்காக வேலை செய்திருக்கிறது” என்றேன். கோயில் வாசலில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அன்று அவனுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். சில பெயர்கள் வாயில் நுழையச் சிரமமாக இருக்கும். பெயர் மறந்தால் பரவாயில்லை. யார் யாரிடம் சேதி சொன்னார்கள் என்ற வரிசை நினைவில் நின்றால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனை அடுத்த டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் போனது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அப்போது பெரியம்மா வீட்டு வாசலில் 200 லிட்டர் பிடிக்கும் நீல டிரம் ஒன்று நின்றது. டேங்கர் லாரி வரும்போது நிரப்புவார்கள். அந்த டிரம் ஏறக்குறைய நிரம்பும் அளவை நம் சிறுநீரகம் ஒரே நாளில் வடிகட்டுகிறது. நம் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியோ மூன்று லிட்டர்தான். அதே மூன்று லிட்டரை நாளொன்றுக்கு அறுபது தடவை வடிகட்டித் திரும்பத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

எடுத்துக்கொள்ளாவிட்டால் அரை மணி நேரத்தில் நம் கதை முடிந்துவிடும். அதனால் வடிகட்டிய நீரில் மூன்றில் இரண்டு பங்கு, நெஃப்ரான் என்ற நுண்குழாயின் முதல் பகுதியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்படிச் சுமார் பத்து லட்சம் நுண்குழாய்கள் இருக்கின்றன. அடுத்து வரும் வளைவிலும் இன்னொரு பங்கு திரும்புகிறது. இந்த இரண்டு இடங்களிலும் யாருடைய உத்தரவும் தேவையில்லை. நீங்கள் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது நடக்கும். கடைசியில், சேகரிக்கும் குழாய் என்ற இடத்துக்கு வந்து சேர்வது சுமார் 20 லிட்டர். தம்பி கேட்ட கேள்வி முழுக்க இந்த 20 லிட்டரைப் பற்றியதுதான். இதை வெளியே விடலாமா, உள்ளே இழுக்கலாமா என்பதை உடம்பு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் புதிதாக முடிவு செய்கிறது. முழுக்க இழுத்துவிட்டால் ஒரு நாள் சிறுநீர் அரை லிட்டருக்குச் சுருங்கும். இழுக்கவே இல்லையென்றால் 18, 20 லிட்டர்வரை போகும்.

இழுப்பதற்குத் தனியாக ஒரு பம்பு கிடையாது. சேகரிக்கும் குழாய் சிறுநீரகத்தின் உட்பகுதி வழியாக இறங்கிப் போகிறது. அந்த உட்பகுதியில் உப்பும் யூரியாவும் தேங்கி, ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை அடர்த்தியாக இருக்கும். உப்புத் தூவிய கத்தரிக்காயிலிருந்து தண்ணீர் தானாக வெளியே வருகிறதல்லவா, அதே இழுவைதான். குழாயின் சுவரில் வழி இருந்தால் தண்ணீர் தானாக வெளியேறி உடம்புக்குத் திரும்பிவிடும். வழி இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே ஓடி சிறுநீராகிவிடும். நம் ஊர் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மதகு. மதகு திறந்தால் தண்ணீர் வயலுக்கு, மூடினால் கலிங்கல் வழியே ஆற்றுக்கு.

சரி, மதகைத் திறக்கச் சொல்வது யார்?

வியர்வையில் நீர் போகப் போக ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாகும். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், இதைக் கவனிப்பதற்கென்றே சில நரம்பு செல்கள் இருக்கின்றன. ரத்தம் அடர்த்தியானால் அவை லேசாகச் சுருங்கும். சுருங்கினால் சேதி அனுப்பும். நூற்றில் ஒரு பங்கு மாற்றம் போதும், அவை விழித்துக்கொள்ளும். இவ்வளவு நுட்பமான அளவுகோலை நம் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் நாம் நடமாடுகிறோம். அவை அனுப்பும் சேதியில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, நமக்குத் தாகம் எடுக்கிறது. இன்னொன்று, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சரம் அது. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். அதையும் சேர்த்து, அந்த வகை ஹார்மோன்களில் செய்த வேலைக்காக 1955இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. வாசோபிரசின் ரத்தத்தோடு மிதந்து சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. ஆனால் அது எந்தச் செல்லுக்குள்ளும் நுழைவதில்லை. வாசலோடு நின்றுவிடுகிறது. அப்புறம் உள்ளே இருக்கும் மதகு எப்படித் திறக்கிறது?

என் ஆயாவின் அப்பா டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்துத் துரை கரும்புக்குள் இறங்க மாட்டாராம். தோட்டத்து ஓரத்தில் குதிரை மேல் இருந்தபடியே சர்தாரிடம், அதாவது கங்காணியிடம், சொல்வார். சர்தார் உள்ளே பார்த்து ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் கத்தியை எடுப்பார்கள். ஆயா இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வலி வேறு விஷயம். ஆனால் செல்லுக்குள் சேதி போகும் முறையை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வரப்புதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. வாசோபிரசின் வெளியே நிற்கும் முதல் தூதன். உள்ளே சத்தம் போடுகிறவன் இரண்டாம் தூதன். அந்த இரண்டாம் தூதனைக் கண்டுபிடித்த கதை உயிர்வேதியியலின் அழகான கதைகளில் ஒன்று.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1950களில் எர்ல் சதர்லாந்து கல்லீரலை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அட்ரினலின் பட்டால் கல்லீரல் சேமித்து வைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும். அது எப்படி என்பதுதான் அவர் கேள்வி. கல்லீரலை அரைத்துக் கூழாக்கி அதில் அட்ரினலினை விட்டால், உடைக்கும் நொதி (என்சைம்) சுறுசுறுப்பாகிறது. முழுச் செல் இல்லாமலே வேலை நடக்கிறது என்பதே பெரிய சேதி. அந்தக் கூழை வேகமாகச் சுழற்றி, செல் உறையின் துணுக்குகளை அடியில் படிய வைத்து, மேலே தெளிந்த சாற்றை மட்டும் எடுத்து அட்ரினலினை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, அடியில் படிந்த துணுக்குகளோடு மட்டும் அட்ரினலினைச் சேர்த்து வைத்தார். அந்தக் கலவையைக் கொதிக்க வைத்தார். கொதித்தால் புரதமெல்லாம் முட்டை வெந்ததுபோல் கெட்டியாகிவிடும், நொதி எதுவும் பிழைக்காது. கொதித்து வடிந்த அந்த நீரைத் தெளிந்த சாற்றில் விட்டார். நொதி சுறுசுறுப்பானது!

அப்படியானால், ஹார்மோன் பட்டதும் செல் உறை ஏதோ ஒரு சிறு பொருளைச் செய்திருக்கிறது. கொதித்தாலும் சாகாத பொருள். அதுதான் உள்ளே போய்ச் சேதி சொல்கிறது. அந்தப் பொருளின் பெயர் சைக்ளிக் ஏஎம்பி. சதர்லாந்துக்கு 1971இல் நோபல் கிடைத்தது.

கல்லீரலில் கண்டது சிறுநீரகத்துக்கும் பொருந்துமா? அதைத் தேடியவர்களுக்குத் தேரை கைகொடுத்தது. தேரைகள் மழையில்லாத நாட்களுக்காகச் சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வேண்டும்போது அங்கிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பையின் மெல்லிய சுவர் நம் சேகரிக்கும் குழாயைப் போலவே வாசோபிரசினுக்குக் கட்டுப்படும். ஆர்லாஃப், ஹேண்ட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேரையின் பையில் வாசோபிரசினுக்குப் பதிலாகச் சைக்ளிக் ஏஎம்பியை விட்டுப் பார்த்தார்கள். ஹார்மோன் இல்லாமலே தண்ணீர் கடந்தது. 1962இல் அதை எழுதினார்கள். துரை வராமலே சர்தாரின் சத்தத்தை மட்டும் எழுப்பி வேலையை நடத்திக் காட்டிவிட்டார்கள்.

இன்று நமக்குத் தெரிந்த வரிசை இது. சேகரிக்கும் குழாய்ச் செல்லின் ரத்தப் பக்கத்துச் சுவரில் வி2 என்ற ஏற்பி, அதாவது சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம், இருக்கிறது. வாசோபிரசின் அதில் வந்து அமர்ந்ததும் ஏற்பி லேசாக வடிவம் மாறுகிறது. அதன் உட்பக்கம் காத்திருக்கும் ஜி புரதம் விடுபட்டு, பக்கத்திலுள்ள ஒரு நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பியை மளமளவென்று செய்து தள்ளுகிறது. அது பிகேஏ என்ற இன்னொரு நொதியின் பூட்டைத் திறக்கிறது. பிகேஏயின் வேலை, குறிப்பிட்ட புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு முத்திரையைக் குத்துவது. முத்திரை விழுந்த புரதம் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். வெளியே ஒரு துளி ஹார்மோன். ஒவ்வொரு படியிலும் சேதி பெருகி, உள்ளே ஒரு கூட்டமே வேலைக்கு எழுந்துவிடும். புரதத்துக்கு முத்திரை குத்தும் முறைக்கு 1992இல், ஜி புரதத்துக்கு 1994இல், இந்த வகை ஏற்பிகளுக்கு 2012இல் என்று வரிசையாக நோபல் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் மதகை யாரும் பார்த்திருக்கவில்லை. அது கிடைத்த விதத்தில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் குட்டைகளிலும் அணைகளிலும் பிளாட்டானா என்று ஒரு தவளை உண்டு. தட்டையான உடம்பு, வழவழப்பான தோல், பின்கால் விரல்களில் கறுப்பு நகம். தண்ணீரை விட்டு வெளியே வருவதே அபூர்வம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலில் மாட்டுவார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 1920களின் கடைசியில் வேலை செய்த லான்ஸ்லட் ஹோக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை இந்தத் தவளைக்கு ஊசி போட்டால் அது முட்டையிடுவதைக் கவனித்தார். அதிலிருந்து கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்குள் செலுத்தி, முட்டையிடுகிறதா என்று பார்ப்பார்கள். பிளாட்டானாக்கள் கப்பல் ஏறி உலகமெங்கும் மருத்துவமனைகளுக்குப் போயின. வேறு பரிசோதனைகள் வந்த பிறகும் அவை ஆய்வகங்களில் தங்கிவிட்டன. காரணம் அவற்றின் முட்டை. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிசு, கண்ணால் பார்த்தே ஊசி குத்தலாம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் ஆக்ரே ரத்தச் சிவப்பணுவின் உறையில் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடிய புரதத்தோடு இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டே வந்தது. வேண்டாத விருந்தாளி என்று தள்ளிவிடாமல் அதைத் தொடர்ந்து போனார். சிவப்பணுவிலும் சிறுநீரகக் குழாயிலும் அது ஏராளம். இதுதான் தண்ணீர் போகும் வழியோ என்று சந்தேகம் வந்தது. சோதிக்கப் பிளாட்டானா முட்டையை எடுத்தார்கள். குட்டையின் நன்னீரில் கிடந்தும் அந்த முட்டை ஊதி வெடிப்பதில்லை, அதன் உறை வழியே தண்ணீர் எளிதில் போகாது. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான ஆர்என்ஏ சேதியைச் சில முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். மூன்று நாள் காத்திருந்து, உப்புக் குறைந்த நீரில் போட்டார்கள். ஊசி போடாத முட்டைகள் அப்படியே கிடந்தன. புரதத்தைச் செய்துகொண்ட முட்டைகள் சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. 1992இல் வெளியான அந்த வேலைக்கு 2003இல் நோபல் கிடைத்தது. அந்த மதகுக்கு அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு அக்வாபோரின் வழியே நொடிக்கு 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் கடக்கும். அதே வழியில் உப்போ அமிலத் துகளோ போக முடியாது.

வாசோபிரசினுக்குக் கட்டுப்படும் மதகு, அந்தக் குடும்பத்தில் அக்வாபோரின் 2. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதைவிட வியப்பான சேதி 1995இல் உறுதியானது. ஹார்மோன் வந்ததும் செல் புதிதாக உட்கார்ந்து மதகு செய்வதில்லை. மதகுகள் ஏற்கெனவே தயாராக, செல்லுக்குள்ளே சிறு பைகளின் சுவரில் பதிந்து காத்திருக்கின்றன. பிகேஏ வந்து ஒவ்வொன்றின் வால்பகுதியிலும், 256ஆவது அமினோ அமிலத்தில், முத்திரை குத்துகிறது. பைகள் நகர்ந்து போய், சிறுநீர் ஓடும் பக்கத்துச் சுவரோடு ஒட்டி இணைகின்றன. அந்த நிமிடத்திலிருந்து சுவர் முழுக்க மதகு. தண்ணீர் செல்லுக்குள் நுழைந்து, எதிர்ப்பக்கத்தில் எப்போதும் திறந்தே இருக்கும் அக்வாபோரின் 3, 4 வழியாக வெளியேறி ரத்தத்துக்குப் போகிறது. நாள்கணக்கில் தாகம் நீடித்தால் மட்டும் செல் கூடுதல் மதகுகளைச் செய்யத் தொடங்கும்.

தம்பிக்கு அன்று நடந்தது இதுதான். காவடியோடு ஆடி வியர்த்த ஒவ்வொரு நிமிடமும் அவன் சிறுநீரகத்தில் பைகள் சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் திரும்பிவிட்டது, நிறமும் கழிவும் மட்டும் குழாயில் தங்கின. அதனால் அவ்வளவு மஞ்சள்.

இதைப் படித்து முடித்த மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்விதான், பலருடைய ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்ட கேள்வி. “சார், சைக்ளிக் ஏஎம்பி கல்லீரலில் சர்க்கரையை உடைக்கச் சொல்கிறது. கிட்னியில் மதகைத் திறக்கச் சொல்கிறது. இதயத்தில் வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. எல்லா இடத்திலும் ஒரே சத்தம். எது எங்கே நடக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?”

கேள்வியின் கனம் புரிய, 2000ஆம் ஆண்டு தொடங்கி எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பரவிய காலராவை நினைத்துப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேருக்கு மேல் தாக்கியது. காலராக் கிருமியின் நஞ்சு செய்வது ஒரே ஒரு காரியம்தான். குடல் செல்லுக்குள் புகுந்து, மேலே சொன்ன அதே ஜி புரதத்தை அணைக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி நிற்காமல் பெருகுகிறது. குடலில் அந்தச் சத்தத்துக்குத் திறப்பது குளோரைடு போகும் வழி. உப்பு குடலுக்குள் கொட்ட, பின்னாலேயே தண்ணீரும் கொட்டுகிறது. சிறுநீரகத்தில் உயிர்காக்கத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே தூதன், குடலில் உடம்பை வற்றடிக்கிறான். செல்லுக்குச் செல் இருக்கும் ஆட்கள் வேறு என்பது பதிலில் பாதி. ஆனால் ஒரே செல்லுக்குள்ளேயும் பிகேஏ செய்யக்கூடிய வேலைகள் பல இருக்கின்றன. மதகுப் பைக்கு மட்டும் முத்திரை விழுவது எப்படி?

பதில், யார் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. சர்தாரின் சத்தம் எல்லார் காதிலும் விழலாம், வாய்க்கால் ஓரத்தில் நிற்பவனால்தான் உடனே மடையைத் திறக்க முடியும். செல்லுக்குள் பிகேஏ தன் இஷ்டத்துக்கு மிதப்பதில்லை. நங்கூரப் புரதங்கள் அதை அந்தந்த இடத்தில் கட்டி வைத்திருக்கின்றன. இவற்றை ஆய்வாளர்கள் ஏகேஏபி என்பார்கள். ஐம்பது வாக்கில் வகைகள் தெரியும். 1999இல் பெர்லினில் ஒரு குழு இதைச் சிறுநீரகச் செல்லில் சோதித்தது. நங்கூரத்தின் பிடியில் பிகேஏ உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு சிறு புரதத் துண்டைச் செல்லுக்குள் அனுப்பினார்கள். பிகேஏ உயிரோடுதான் இருந்தது, வேலை செய்யும் திறனும் குறையவில்லை. ஆனால் இடம் பெயர்ந்துவிட்டது. வாசோபிரசினை விட்டும் மதகுகள் சுவருக்குப் போகவில்லை. பிறகு அதே பைகளின் மேல் ஏகேஏபி 18 என்ற நங்கூரத்தின் ஒரு வகை உட்கார்ந்திருப்பதையும் காட்டினார்கள்.

இந்தத் துறையில் ஒரு உயிர்வேதியியலாளரின் நாள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சோதனையையே உதாரணம் காட்டுவேன். எலியின் சிறுநீரகத்து உட்பகுதியிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்பது, அக்வாபோரின் 2இல் ஒட்டும் எதிர்ப்புரதத்தில் ஒளிரும் சாயம் கட்டுவது, நுண்ணோக்கியில் அந்த ஒளி செல்லின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்று நூற்றுக்கணக்கான செல்களைப் பார்ப்பது. நடுவில் மங்கலாகப் பரவியிருந்த ஒளி, ஹார்மோன் விட்டதும் ஓரத்தில் கோடாகக் கட்டிக்கொள்ளும். அந்தக் கோடு தோன்றுகிறதா இல்லையா என்பதற்காகவே வருஷங்களைக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தும் விடை ஒரே திசையில் போவதில்லை. 2018இல் டோக்கியோவில், நங்கூரத்திலிருந்து பிகேஏயைக் கழற்றும் வேறொரு சேர்மத்தைச் சோதித்தார்கள். கழன்ற பிகேஏ அடங்கிப் போகாமல் சுறுசுறுப்பாகி, வாசோபிரசின் சேதி எட்டாத எலிகளிலும் மதகைத் திறந்தது. முதல் சோதனையில் கழற்றினால் மூடியது, இதில் கழற்றினால் திறந்தது. கழற்றிய பொருள் வேறு, கழன்ற விதம் வேறு என்று இப்போது இன்னும் நுணுக்கமாகத் தேடுகிறார்கள். எலியில் கண்ட சேதி இது. மருந்துக் கடைக்கு வந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திறந்த மதகை மூடுவது எப்படி என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தண்ணீர் குடித்ததும் ரத்தம் நீர்த்து, வாசோபிரசின் குறைகிறது. பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏஎம்பியை உடைத்துப் போடுகிறது. அந்த நொதியும் மதகுப் பைகளை ஒட்டியே காவல் நிற்கிறது. சத்தம் அடங்கியதும் செல் உறை உள்நோக்கி மடிந்து மதகுகளைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது.

வரிசையில் எங்கே அறுந்தாலும் தண்ணீர் ஓடிவிடும். நாம் ‘நீரிழிவு’ என்றதும் சர்க்கரை வியாதியைத்தான் நினைக்கிறோம். ஆனால் இழிதல் என்றால் இறங்கி வழிதல். நீர் இழிவது நீரிழிவு. சர்க்கரை சம்பந்தமே இல்லாத நீரிழிவும் உண்டு. மூளை வாசோபிரசினைச் செய்யாவிட்டால் ஒரு வகை. ஹார்மோன் இருந்தும் வி2 ஏற்பியோ அக்வாபோரின் 2ஓ பழுதாகப் பிறந்தால் இன்னொரு வகை. இந்தக் குழந்தைகள் நாள் முழுக்கத் தண்ணீர் கேட்டு அழும், இரவில் பலமுறை எழும். முதல் வகைக்கு டெஸ்மோபிரசின் என்ற மாற்று ஹார்மோன் கொடுக்கலாம். இரண்டாவதுக்கு அது எடுபடாது, கேட்கும் காதே பழுது. மனநோய்க்காக நெடுநாள் லித்தியம் எடுப்பவர்களுக்கும் மதகுகள் குறைந்து இதே நிலை வரலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் விரதத்துக்காகத் தண்ணீரை நிறுத்த வேண்டாம், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். உடம்பு வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகும்.

மதகு மூடாமல் போனாலும் ஆபத்துதான். அதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் எங்கள் ஊர் ஓட்டக்காரர்களும் உண்டு. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் 1921இல் தொடங்கியது. என் மாமா அதை ஓடியவர். வழியெல்லாம் சிறு பிளாஸ்டிக் உறையில் தண்ணீர் தருவார்கள், மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிக்கொண்டே ஓட வேண்டும். நிறையக் குடித்தால்தான் நல்லது என்று எல்லாரும் நம்பிய காலம். காம்ரேட்ஸ் போன்ற நீண்ட போட்டிகளில் மயங்கி விழுந்த நான்கு பேரைப் பற்றி கேப்டவுனின் டிம் நோக்ஸ் குழு 1985இல் எழுதியது. அவர்கள் தண்ணீர் இல்லாமல் விழவில்லை. தண்ணீர் கூடி, ரத்தத்தில் சோடியம் இறங்கி விழுந்தார்கள். உடம்பு கடுமையாக உழைக்கும்போதும் குமட்டும்போதும், ரத்தம் நீர்த்துப்போயிருந்தாலும்கூட, மூளை வாசோபிரசினை விடக்கூடும். மதகு திறந்தே கிடக்கும். குடித்ததெல்லாம் உள்ளே தங்கும். மூளை வீங்கும். தாகத்துக்குக் குடி என்று மாமா தன் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்வது இதனால்தான்.

வி2 ஏற்பியை வேண்டுமென்றே அடைக்கும் மருந்தும் வந்துவிட்டது. பெயர் டோல்வாப்டான். சோடியம் இறங்கியவர்களுக்கு அது தேங்கிய தண்ணீரை வெளியேற்றுகிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் ஒரு பரம்பரை நோயில், கட்டிகளை வளர்ப்பதும் இதே சைக்ளிக் ஏஎம்பிதான். அதனால் அந்த நோயாளிகளுக்கும் 2018 முதல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். தேரையின் பையில் ஒரு துளி விட்டுப் பார்த்தவர்கள் இதை நினைத்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றும்.

தம்பிக்கு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். மஞ்சள் பரவாயில்லை. கோகோ கோலா நிறத்தில் போனாலோ, தண்ணீர் குடித்த பிறகும் பல மணி நேரம் ஒன்றும் வராவிட்டாலோ, காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவன் தலையாட்டிவிட்டுச் சொம்பை முடித்தான், இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தான். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போய்த் திரும்பி வந்தவன் முகத்தில் சிரிப்பு. “வெளுத்துப்போச்சு அண்ணா!”

“மதகெல்லாம் உள்ளே போய்விட்டது” என்றேன்.

“எல்லாமுமா?”

நல்ல கேள்வி. பெரும்பாலானவை பைகளில் திரும்பி அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும். சிலவற்றைச் செல் சிதைத்துவிடும். கொஞ்சம் மதகுகள், கண்ணுக்குத் தெரியாத நுண்பைகளில் பொதிந்து, சிறுநீரோடே வெளியே வந்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் ஒரு கோப்பைச் சிறுநீரைச் சுழற்றி, அந்த நுண்பைகளைப் பிரித்து, அதிலிருக்கும் அக்வாபோரின் 2ஐ அளக்கிறார்கள். சிறுநீரகத்தில் ஊசி குத்தாமலே, உள்ளே எத்தனை மதகு வேலை செய்தது என்று ஓரளவு கணிக்க முடிகிறது. அன்று காலை தம்பி பயந்துபோய்ப் பார்த்த அந்த மஞ்சள் நீரிலும் அவை இருந்திருக்கும்.